தொடையில் தசை பயாப்சி கொடுத்தால் கால் வலு குறையுமா? (தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு)

மிதிக்கட்டை

வணக்கம். கனடாவில் முதுகலை படிக்கிறேன். இங்கே ஒரு சைக்கிள் கிளப்பில் சேர்ந்து கோடை முழுக்க ரோடு ரேஸ் ஓட்டுகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி உடலியங்கியல் ஆய்வு ஒன்றுக்கு ஆள் சேர்க்கிறார்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற சைக்கிள்காரர்கள்தான் வேண்டுமாம். சில வாரங்கள் அவர்கள் சொல்கிற இன்டர்வல் பயிற்சியைச் செய்ய வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் தொடையிலிருந்து தசைத் துணுக்கு எடுப்பார்கள், அதைத்தான் பயாப்சி என்கிறார்கள். நடுவில் ஒரு நாள் மட்டும் பயிற்சிக்கு முன்பு, முடித்த உடனே, மூன்று மணி நேரம் கழித்து என்று மூன்று தடவை.

ஒப்புதல் படிவத்தில் வலி, ரத்தக்கட்டு, தொற்று, தழும்பு எல்லாம் எழுதியிருக்கிறது. கால் வலு பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். துணுக்கு எடுத்த பிறகு வலு குறையுமா? குறைந்தால் எத்தனை நாளைக்கு? அதே ஆய்வில் லெக் பிரஸ்ஸும் (காலால் எடையைத் தள்ளுவது) டைம் டிரையலும் (நேரம் பார்த்துத் தனியாக ஓட்டுவது) வேறு வைக்கிறார்கள். கால் வலியோடு ஓட்டினால் அந்த முடிவு சரியாக இருக்குமா? நடுவில் எனக்கு ஒரு முக்கியமான ரேஸும் வருகிறது.

இரும்புத்தட்டு

நான் பவர்லிஃப்டிங் பண்ணுகிறவன். இதே மாதிரி ஆய்வுக்குக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே நடந்துதான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் படி இறங்கும்போது நன்றாகத் தெரிந்தது. ஏறும்போது அவ்வளவு இல்லை. அந்த வாரம் ஸ்குவாட்டை விட்டுவிட்டு மேல்உடம்பு மட்டும் செய்தேன். அடுத்த வாரம் வழக்கமான எடையே ஏறியது. பயப்படாமல் போங்க தம்பி.

சுதா_ஆய்வுக்கூடம்

தம்பி, நான் ஸ்வீடனில் இந்த வேலையைத்தான் செய்கிறேன். துணுக்கு எடுப்பது மருத்துவர். பக்கத்தில் நின்று அதை வாங்கி, சுத்தம் செய்து, உறைய வைப்பது என் பொறுப்பு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எடுக்கிற இடம் பெரும்பாலும் வாஸ்டஸ் லேட்டராலிஸ், அதாவது தொடையின் வெளிப்பக்கத் தசை. பெரிய ரத்தக் குழாய்களும் முக்கிய நரம்பும் தொடையின் உள்பக்கமாக ஓடுவதால் இந்த இடம் பாதுகாப்பானது. தோலையும் தசை மேல் இருக்கிற உறையையும் மரக்க வைப்பார்கள். தசைக்குள் மருந்து போடமாட்டார்கள், போட்டால் துணுக்கே கெட்டுவிடும். அதனால் வெட்டுகிற அந்த நொடியில் உள்ளே ஆழமாக ஒரு அழுத்தமும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது போன்ற இழுப்பும் தெரியும். பல பேர் திடுக்கிடுவது அங்கேதான். தோலில் சின்ன வெட்டு, உள்ளே சுமார் 5 மி.மீ. குறுக்களவுள்ள பெர்க்ஸ்ட்ரோம் ஊசி, துணுக்கு 50 முதல் 200 மில்லிகிராம் வரை. ஊசியின் பின்னால் உறிஞ்சு விசை கொடுத்து ஒரே வெட்டில் அதிகம் எடுக்கிற முறை 1982-இல் வந்தது. மைக்ரோபயாப்சி என்று ஒன்றும் இருக்கிறது. மெல்லிய ஊசி, 10–20 மில்லிகிராம்தான் கிடைக்கும், தையலோ பட்டையோ தேவைப்படாது.

இப்போது வலு. பயிற்சி பெற்ற ஒரு இளைஞனுக்கு வாஸ்டஸ் லேட்டராலிஸ் மட்டுமே அரை கிலோவுக்கு மேல் இருக்கும். அதில் 100 மில்லிகிராம் என்பது ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எடையை வைத்து மட்டும் கணக்குப் போடக் கூடாது. தசை நார்கள் பல சென்டிமீட்டர் நீளம். கயிற்றில் ஒரு இழையை நடுவில் அறுத்தால் அந்த இழை முழுக்கவே பிடியை விடுகிறது இல்லையா, அப்படித்தான் இதுவும். ஆகவே பார்க்க வேண்டியது குறுக்குவெட்டுப் பரப்பு. 100 மில்லிகிராம் துணுக்கை ஒரு கனசதுரமாக நினைத்தால் ஒரு பக்கம் 5 மி.மீ.க்குள், பரப்பு சுமார் 0.2 சதுர செ.மீ. அந்தத் தசையின் நடுப்பகுதிப் பரப்பை 30 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டாலும் அறுபட்டது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முழங்காலை நீட்ட இன்னும் மூன்று தசைகள் கூடவே வேலை செய்கின்றன. ஒரே துளை வழியாக இரண்டு மூன்று முறை வெட்டினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

ஆக, எடுத்த சதையால் உங்கள் வாட்ஸ், அதாவது மிதிக்கும் திறன், குறையாது. குறைந்தால் அதற்குக் காரணம் வலி, வீக்கம், உள்ளே கசிந்த ரத்தம்.

இதைப் பிரித்துக் காட்டிய ஒரு சோதனை உண்டு. டென்மார்க்கில் சிலருடைய தசைக்குள் உப்புச் செறிவு கூடிய திரவத்தை ஊசியால் செலுத்தினார்கள். தசையில் வெட்டு எதுவும் இல்லை, வலி மட்டும்தான். அப்போதும் முழு முயற்சியில் வரும் விசை குறைந்தது. வலி எடுத்தால் மூளையும் தண்டுவடமும் சேர்ந்தே தசையை முழுதாக இயக்க விடுவதில்லை. 2002-இல் வந்த முடிவு அது. பயாப்சிக்கு மறுநாள் லெக் பிரஸ்ஸில் எண் இறங்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஓட்டப்பாதை

எல்லோருக்கும் இரும்புத்தட்டு அண்ணாவுக்கு நடந்த மாதிரி நடக்காது என்பதையும் சொல்லவேண்டும். நான் மாரத்தான் ஓடுகிறவள். ஒரு ஆய்வுக்கூடத்தில் கடுமையான ஓட்டம் முடிந்த உடனே துணுக்கு எடுத்தார்கள். கட்டை இறுக்கமாகப் போடவில்லை. கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கக்கூட யாரும் சொல்லவில்லை, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்கள். மறுநாள் தொடை கல்லாக இறுகி, முழங்கால் வரை நீலம் பாய்ந்திருந்தது. முழங்காலை முழுக்க மடக்க முடியவில்லை. சரியாகிவிட்டது, ஆனால் சில வாரங்கள் என் பயிற்சி போனது. தோலில் ஒரு ரூபாய் அளவுக்கு உணர்ச்சி குறைந்த இடம் இன்னும் இருக்கிறது.

படிவத்தில் 'அரிதாக' என்று ஒரு சொல் போட்டிருந்தார்கள். அந்த அரிதான ஆள் நானாக இருந்தால் என் ஓட்டம் எத்தனை நாள் நிற்கும் என்பதை யாராவது முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். தம்பி, நீங்கள் கேட்கிற கேள்வி ரொம்பச் சரியான கேள்வி. கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நரம்பியல்_திருச்சி

நான் நரம்பியல் மருத்துவன். நாங்கள் பயாப்சி எடுப்பது பெரும்பாலும் தசைநோயைக் கண்டுபிடிக்க. அங்கே பல சமயம் கீறித் திறந்தே எடுப்போம், துணுக்கும் பெரிது. ஆராய்ச்சிக்கு ஊசியில் எடுப்பதை அதோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். இந்த ஊசி யோசனை பழையது. 1860-களிலேயே பிரான்சில் டுஷேன் உயிரோடிருக்கும் நோயாளியிடமிருந்து தசை எடுக்க ஒரு கருவி செய்துவிட்டார். டுஷேன் தசைச்சிதைவு நோய் என்று நாம் சொல்வது அவர் பெயரில்தான். ஸ்டாக்ஹோமில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் 1962-இல் அதை மறுபடி எடுத்துக்கொண்ட பிறகுதான் உடற்பயிற்சி ஆராய்ச்சிக்குள் வந்தது.

ஓட்டப்பாதை அம்மாவுக்கு நடந்தது ரத்தக்கட்டு. கடும் பயிற்சிக்குப் பிறகு தசையில் ரத்த ஓட்டம் பல மடங்கு கூடியிருக்கும், அப்போது துளை போட்டால் கசிவும் கூடும். அந்த நேரத்தில் எடுக்கிறார்கள் என்றால் அழுத்திப் பிடிப்பதும் இறுக்கமான கட்டும் கட்டாயம். தோலில் உணர்ச்சி குறைவது மெல்லிய தோல் நரம்புக் கிளை அறுபட்டதால். அதனால் வலு போகாது. மெல்ல மெல்லப் பரப்பு சுருங்கும்.

கனடாவில் ஒரே குழு 13,500-க்கு மேற்பட்ட பயாப்சிகளைத் தொகுத்து 2011-இல் வெளியிட்டது. சிக்கல்கள் 0.15 சதவீதம். கிட்டத்தட்ட இருபது பேர். கைதேர்ந்தவர்கள் செய்தால் இது பாதுகாப்பானது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எண்ணில் வருவது மருத்துவச் சிக்கல்கள். ஒரு வாரம் வழக்கமான வேகத்தில் ஓட முடியாமல் போனது சிக்கல் கணக்கில் வராது. நோயாளிக்கு அது பொருட்டில்லாமல் இருக்கலாம். போட்டிக்குத் தயாராகிறவருக்கு அதுதான் பெரிது.

மிதிக்கட்டை, ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எதை எடுத்தாலும் முன்பே சொல்லுங்கள். மரக்க வைக்கும் மருந்து எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். பல் பிடுங்கியபோது நடந்ததுகூட முக்கியம். தொடை இறுகிக்கொண்டே போனாலோ, வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

இரும்புத்தட்டு

டாக்டர், துணுக்கு எடுத்த இடம் மறுபடி வளருமா? இல்லை குழி மாதிரி நின்றுவிடுமா?

நரம்பியல்_திருச்சி

வளரும். தசை நார்களின் ஓரத்தில் சாட்டிலைட் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, 1961-இல் கண்டது. காயம் பட்டதும் அவை பெருகி, ஒன்றோடொன்று இணைந்து, புது நாராகின்றன. முதலில் வெள்ளை அணுக்கள் வந்து அறுபட்டதை அப்புறப்படுத்தும், பிறகு இந்த வேலை. சில வாரங்களில் பெரும்பகுதி முடிந்துவிடும். சிறிய வடுத்திசு மட்டும் தங்கலாம்.

கணக்கு_வாத்தியார்

நான் புள்ளியியல் ஆள். ஆய்வு வடிவமைப்புப் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

பயாப்சி செயல்திறனைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எவ்வளவு பெரிய மாற்றத்தைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1966-இல் பெர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் செய்ததைப் பாருங்கள். இருவரும் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப்போகும் வரை மிதித்தார்கள். பிறகு மாவுச்சத்து அதிகமாகச் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு கால்களிலிருந்தும் துணுக்கு எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாளில் மிதித்த காலில் கிளைகோஜன், அதாவது தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்து, மற்ற காலைவிட இரு மடங்கு. ரேஸுக்கு முன் சோறும் பாஸ்தாவும் ஏற்றிக்கொள்கிற பழக்கத்துக்கு விதை அங்கே இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே குழு உணவை மாற்றிக் களைப்பு வரும் வரை ஓட்டவைத்தது. மாவுச்சத்து இல்லாத உணவுக்குப் பிறகு சுமார் 57 நிமிடம், கலப்பு உணவில் 114, மாவுச்சத்து மிகுந்த உணவில் 167. துளையிட்ட தொடையோடுதான் ஓட்டினார்கள். வலியால் ஐந்து நிமிடம் குறைந்திருந்தாலும் 57-க்கும் 167-க்கும் உள்ள இடைவெளி மறையப்போவதில்லை.

இன்றைக்கு நிலைமை அது இல்லை. பயிற்சி பெற்றவர்களிடம் ஒரு புதுப் பயிற்சி முறையால் கிடைக்கும் முன்னேற்றம் இரண்டு மூன்று சதவீதம் இருந்தாலே பெரிது. வலியால் வரும் சரிவும் அதே அளவில் இருந்தால் எது எது என்று பிரிக்க முடியாது. புதிதாகப் பயிற்சி தொடங்குகிறவர்களிடம் இந்தச் சிக்கல் குறைவு, அவர்களுடைய முன்னேற்றமே பெரிதாக இருக்கும்.

'எல்லாருக்கும்தானே பயாப்சி எடுக்கிறோம், ஒன்றுக்கொன்று கழிந்துவிடும்' என்று சொல்வார்கள். சராசரி ஓரளவு கழியலாம். ஆனால் சிலருக்கு ஒரு நாள் வலி, சிலருக்கு ஒரு வாரம், அதனால் சிதறல் கூடும். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பயிற்சிக்கு முந்தைய பயாப்சி எடுத்த மறுநாளே தொடக்க அளவீட்டை வைத்தால், முதல் தடவை என்பதால் பயம், வலி, தயக்கம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைக் கீழே இழுக்கும். முடிவில் அதே ஆள் பழகியிருப்பார். தொடக்க எண் தாழ்ந்துபோனதாலேயே பயிற்சி வேலை செய்தது போலத் தெரியும்! கட்டுரையில் முதலில் நான் தேடுவது பயாப்சிக்கும் சோதனைக்கும் இடையே எத்தனை நாள் என்பதைத்தான். பல கட்டுரைகளில் அது தெளிவாக எழுதப்படுவதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். ஆட்கள் தங்கள் சதையைக் கொடுக்கிறார்கள், அதற்கு ஈடாக முடிவாவது சுத்தமாக இருக்க வேண்டும்.

சுதா_ஆய்வுக்கூடம்

வாத்தியார் சொன்னது ரொம்பச் சரி. எங்கள் தரப்புச் சிரமத்தையும் சொல்கிறேன். ஓய்விலிருக்கும் தசை வேண்டுமென்றால் கடும் சோதனைக்கு மறுநாள் எடுக்க முடியாது, சோதனையின் தாக்கம் தசையில் இருக்கும். சரி, முதலில் பயாப்சி எடுத்துவிடலாம் என்றால் வலியோடு சோதனை. இரண்டுக்கும் நடுவில் நாள் விட்டே ஆகவேண்டும். ஆட்களை அத்தனை நாள் வரவழைக்கச் செலவாகும், அதனால்தான் பலர் நெருக்கிப் போடுகிறார்கள்.

வலு மட்டுமில்லை, துணுக்கு எடுத்த செயலே தசையின் வேதியியலை மாற்றும். இண்டியானாவில் காஸ்டில் குழு 1988-இல் காட்டியது: ஏற்கெனவே துணுக்கு எடுத்த தசையில் கிளைகோஜன் சேமிப்பே குறைந்திருந்தது. 2000-இல் வந்த ஒரு ஆய்வில் பயிற்சியே செய்யாத ஒப்பீட்டுக் குழுவுக்கும் பயாப்சி எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியால் வந்தது என்று நினைத்த அழற்சி மாற்றங்கள் அந்தக் குழுவிலும் இருந்தன. அதாவது அழற்சியை உண்டாக்கியது ஊசி. அந்த ஒப்பீட்டுக் குழு இல்லையென்றால் பழி பயிற்சி மேல் விழுந்திருக்கும்.

அதனால் ஒரே நாளில் மூன்று முறை எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித் துளை, இடையே இரண்டு மூன்று செ.மீ. தள்ளி எடுப்பது நல்லது. எங்கள் கூடத்தில் கீழிருந்து மேலாகப் போவோம். தம்பி, உங்களிடமிருந்து மூன்று துணுக்கையும் எப்படி எடுப்பார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கோச்_தென்காசி

ஒரு சந்தேகம். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். வேகத் தசை அதிகமா, தாங்கும் தசை அதிகமா என்று பயாப்சியில் தெரிந்துவிடும் என்கிறார்கள். யார் 100 மீட்டர், யார் 5000 மீட்டர் என்று பிரிக்க உதவுமே? எங்கே செய்வார்கள்?

நரம்பியல்_திருச்சி

கோச் சார், வேண்டவே வேண்டாம். பிள்ளைகளுக்கு நோய் சந்தேகம் இல்லாமல் தசையில் ஊசி போடுவதற்கு நியாயமே கிடையாது. பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் யாரும் செய்யக் கூடாது. ஆராய்ச்சியில் காயம் ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. தேர்வுக்காகத் துணுக்கு எடுப்பது அந்தக் கட்டமைப்புக்குள்ளேயே வராது.

சுதா_ஆய்வுக்கூடம்

கோச் அண்ணா, ஒரே தசைக்குள்ளேயே இடத்துக்கு இடம் வேக நார், மெது நார் விகிதம் மாறும். ஒரு சின்னத் துணுக்கை வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பிரிக்க முடியாது. பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்தில் வெட்டாமலேயே எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோபியால் (எம்ஆர்ஐ கருவியிலேயே செய்யும் வேதி அளவீடு) தசையிலுள்ள கார்னோசின் என்ற பொருளின் அளவை அளந்து நார்வகையை மதிப்பிடுகிறார்கள். வேக நார்களில் கார்னோசின் அதிகம். அந்த முறையில் 2020-இல் செய்த ஒரு ஆய்வில் மூன்று முறை முழு வேக ஸ்பிரின்ட் மிதித்த பிறகு, மெது நார் மிகுந்தவர்கள் 20 நிமிடத்தில் மீண்டார்கள். வேக நார் மிகுந்தவர்கள் ஐந்து மணி நேரம் கழித்தும் முழுதாக மீளவில்லை. உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ளத்தக்கது: எந்தப் பிள்ளை மீள நேரம் எடுக்கிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் கவனிப்பது. அதற்கு ஊசியே வேண்டாம்.

கோச்_தென்காசி

சரிம்மா. அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். ஸ்பிரின்டுக்கு நடுவில் இடைவெளியை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக வைத்துப் பார்க்கிறேன்.

மிதிக்கட்டை

எல்லோருக்கும் நன்றி. ஆய்வு நடத்துகிறவரைப் போய்ப் பார்த்தேன். பொறுமையாகவே பதில் சொன்னார். தொடக்க லெக் பிரஸ்ஸும் டைம் டிரையலும் முதலில், பயாப்சி அதற்குச் சில நாள் கழித்து என்று திட்டமாம். முடிவிலும் அதே வரிசை. மூன்று முறை எடுக்கிற நாளில் தனித்தனித் துளைகள், மைக்ரோபயாப்சி இல்லை, பெரிய ஊசிதான். புரத அளவீட்டுக்கு அவ்வளவு சதை வேண்டுமாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் கடும் பயிற்சி கிடையாது.

சிக்கல் ஒன்றுதான். அந்த மூன்று துளை நாள் என் ரேஸுக்கு நான்கு நாள் முன்பு விழுகிறது. ஓட்டலாமா?

ஓட்டப்பாதை

என்னைக் கேட்டால் வேண்டாம். ரத்தக்கட்டு வந்தால் நான்கு நாளில் எதுவும் ஆகாது.

இரும்புத்தட்டு

எனக்கு நான்கு நாளில் வலி முழுக்கப் போய்விட்டது. ஆனால் ஒரு துளைதான் போட்டார்கள், மூன்று இல்லை. ரேஸ் முக்கியம் என்றால் தேதியை மாற்றச் சொல்லுங்கள்.

சுதா_ஆய்வுக்கூடம்

தம்பி, தேதியை ரேஸுக்கு அடுத்த வாரம் தள்ளக் கேளுங்கள். ரேஸ் களைப்பு தசையில் தங்கியிருக்கும் என்பதால் அவர்களும் ரேஸ் முடிந்து குறைந்தது ஐந்தாறு நாள் விடத்தான் விரும்புவார்கள். முடியாது என்றால் அந்த ஒரு நாளிலிருந்து மட்டும் விலகிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். எந்த இடத்திலும் காரணம் சொல்லாமல் விலக உங்களுக்கு உரிமை இருக்கிறது, படிவத்திலேயே அது எழுதியிருக்கும்.

இன்னொன்று. எந்தக் காலில் எடுக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பவர் மீட்டர் (மிதிக்கும் திறனை அளக்கும் கருவி) இடது வலது தனித்தனியாகக் காட்டுமென்றால், பயாப்சிக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஓட்டி இரண்டு கால் பங்கையும் பதிந்து வையுங்கள். அந்தக் கோப்பை ஆய்வுக் குழுவிடமும் கொடுங்கள், இந்த மாதிரி அளவீடு அவர்களிடம் இருக்காது. முடிந்தால் இங்கேயும் போடுங்கள், வாத்தியாரும் நானும் பார்க்கிறோம்.

மிதிக்கட்டை

என் மீட்டர் தனித்தனியாகவே காட்டும் அக்கா. இந்த வாரமே பதியத் தொடங்குகிறேன். தேதி மாற்றம் கேட்டு இன்று காலை மெயில் அனுப்பிவிட்டேன்.